நான்கு மரக்கலங்களும் ஒரு பைஅத்தும்: பழவேற்காட்டு முஸ்லிம்களின் வருகைக் கதை சொல்வது என்ன?

பழவேற்காட்டில் வயதான பெரியவர் எவரிடமாவது "நம் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே செய்திதான் கிடைக்கும். ஹிஜாஸ் பகுதியில் புதிதாகப் பொறுப்பேற்ற ஒரு கலீஃபாவுக்குக் கப்பம் கட்ட மறுத்தார்கள். அதனால் நாடு கடத்தப்பட்டார்கள். நான்கு மரக்கலங்களில் கடலேறி இந்த ஏரி முகத்துவாரத்தில் வந்து இறங்கினார்கள். 13ஆம் நூற்றாண்டில் நடந்ததாகச் சொல்லப்படும் இந்தச் செய்தியைச் சுற்றுலாக் கையேடுகளும் எழுதுகின்றன, பத்திரிகைகளும் அவ்வப்போது எழுதுகின்றன.

கதையைக் கேட்ட பிள்ளைகள் இரண்டு விதமாக அதைப் பயன்படுத்துவதை நாம் பார்க்கிறோம். வீட்டுக்குள் அது பெருமையாகிறது: "நாங்கள் அரபு வம்சம்." வெளியே அதே கதை சங்கடமாகிறது: "அப்படியானால் நீங்கள் வெளியிலிருந்து வந்தவர்கள்தானே? உங்கள் விசுவாசம் எங்கே?" என்று யாராவது கேட்டால் பிள்ளை பதில் தெரியாமல் நிற்கிறது. இந்தக் கதையின் மையத்தில் இருப்பது ஒரு மறுப்பு. ஓர் ஆட்சியாளருக்கு விசுவாசம் தர மறுப்பது அரபுக் கோத்திரங்களிடையே என்ன பொருள் கொண்டிருந்தது என்று தெரிந்துகொண்டால், வீட்டுப் பெருமையையும் வெளியாரின் சந்தேகத்தையும் வேறு விதமாகப் பார்க்கலாம்.

கோத்திரம் என்ற தலைக்கட்டு

இஸ்லாத்துக்கு முந்தைய அரபுப் பாலைவனத்தில் அரசாங்கம் இல்லை. காவல் நிலையம், நீதிமன்றம் எதுவும் இல்லை. ஒரு மனிதனின் உயிருக்கு உத்தரவாதம் அவனுடைய கோத்திரம், அதாவது கபீலா. அவனைக் கொன்றால் அவன் கூட்டம் பழிவாங்கும் அல்லது இரத்த ஈட்டுப்பணம் கேட்கும் என்ற அச்சம்தான் சட்டம். அவன் குற்றம் செய்தால் அந்த ஈட்டுப்பணத்தைக் கூட்டம் பங்கிட்டுக் கட்டும்.

நம் ஏரிக்கரை மக்களுக்கு இதை விளக்குவது கடினமல்ல. மீனவக் குப்பங்களிலும் நம் ஜமாஅத்களிலும் "தலைக்கட்டு" என்ற சொல் இருக்கிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். தலைக்கட்டு வரி கட்டுகிறவர் ஊரில் சேர்த்தி. அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊர் நிற்கும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் போன்ற ஊர்களில் ஏரியில் எந்த இடத்தில் எவர் எந்த நாளில் வலை போடுவது என்பதைப் "பாடு" முறையில் முறைவைத்துப் பிரிக்கிறார்கள். அந்த முறையில் பங்கு கிடைப்பது ஏரிக்கு அருகில் குடியிருப்பதால் மட்டும் அல்ல. ஊரின் கணக்கில் பெயர் இருப்பதால். யாருக்குப் பாட்டில் உரிமை உண்டு, யாருக்கு இல்லை என்ற தகராறும் இங்கே பழையதுதான். பாலைவனத்தில் கிணறும் மேய்ச்சல் நிலமும் எப்படியோ, இங்கே நீர்ப்பரப்பு அப்படி.

கோத்திரம் பிறப்பால் வருவது என்றாலும் அதில் சேர வழியும் இருந்தது. இரண்டு கோத்திரங்கள் சத்தியம் செய்து கூட்டுச் சேர்ந்தால் அது "ஹில்ஃப்". தனி மனிதன் ஒருவனுக்கு ஒரு தலைவர் அடைக்கலம் கொடுத்தால் அது "ஜிவார்". நபி (ஸல்) அவர்கள் தாயிஃபிலிருந்து துயரத்தோடு திரும்பியபோது, மக்காவுக்குள் நுழைய அவர்களுக்கு ஜிவார் கொடுத்தவர் முத்இம் இப்னு அதீ. அவர் முஸ்லிம் அல்லர். தம் பிள்ளைகளை ஆயுதத்தோடு நிறுத்திப் பாதுகாப்பு கொடுத்தார். அந்த உபகாரத்தை நபியவர்கள் மறக்கவில்லை; பத்ரு கைதிகள் விஷயத்தில், முத்இம் உயிரோடிருந்து கேட்டிருந்தால் அவருக்காக அவர்களை விட்டிருப்பேன் என்ற கருத்தில் அவர்கள் கூறியதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. இந்த ஜிவார் என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கடற்கரைக்கு வரும்போது அது மீண்டும் தேவைப்படும்.

இரண்டு பேரரசுகளுக்கு நடுவில்

பாலைவன அரபுகள் யாருக்கும் கட்டுப்படாதவர்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். முழுவதும் சரியல்ல. 6ஆம் நூற்றாண்டில் சிரியா எல்லையில் கஸ்ஸான் குலத்தார் ரோமப் பேரரசுக்காகப் படை திரட்டினார்கள். 529இல் அவர்களின் தலைவர் ஹாரிஸ் இப்னு ஜபலாவுக்குப் பேரரசர் ஜஸ்டினியன் பட்டமும் மானியமும் கொடுத்தார். எதிர்ப்பக்கம் இராக்கின் ஹீராவில் லக்ம் குலத்தார் பாரசீகத்துக்காக நின்றார்கள். இருவரும் அரபுகள். பேசிய மொழி ஒன்று, குதிரைகளும் கவிதைகளும் ஒரே மாதிரி. ஆனால் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள்.

விசுவாசம் எதன் மேல் நின்றது? பணத்தின் மேலும் மரியாதையின் மேலும். அவை போனதும் அதுவும் போயிற்று. ஹாரிஸின் மகன் முன்திரை ரோமர்களே சந்தேகப்பட்டுப் பிடித்து சிசிலிக்கு நாடு கடத்தினார்கள்; கஸ்ஸானியர் கூட்டு சிதறியது. பாரசீகத்தில் குஸ்ரூ பர்வேஸ் கி.பி. 602 வாக்கில் ஹீரா மன்னர் நுஃமானைப் பதவியிறக்கிக் கொன்றார். சில ஆண்டுகளுக்குள் பக்ரு இப்னு வாயில் கோத்திரத்தார் தூகார் என்ற இடத்தில் பாரசீகப் படையையே தோற்கடித்தார்கள். தங்களுக்காகப் பாலைவன எல்லையைக் காத்து நின்ற வேலியைத் தாங்களே பிடுங்கிப் போட்டதை இரண்டு பேரரசுகளும் உணர்ந்தபோது காலம் கடந்துவிட்டது.

பைஅத் கொண்டுவந்த மாற்றம்

பைஅத் என்றால் கைமேல் கை வைத்துச் செய்யும் உறுதிமொழி. வியாபாரத்தில் பேரம் முடிந்ததும் கை கொடுப்பார்களே, சொல்லின் வேர் அங்கேதான் இருக்கிறது. கொடுப்பவர் ஒன்றைக் கொடுக்கிறார், பெறுபவர் ஒன்றுக்குப் பொறுப்பேற்கிறார். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டில் நாலாபக்கமும் இருந்து கோத்திரத் தூதுக்குழுக்கள் மதீனாவுக்கு வந்தன. வரலாற்றாசிரியர்கள் அதைத் தூதுக்குழுக்களின் ஆண்டு என்றே அழைக்கிறார்கள்.

வந்தவர்கள் எல்லாரும் ஒரே மனதோடு வரவில்லை; குர்ஆனே அதைச் சொல்லிவிட்டது. ஹுஜுராத் அத்தியாயத்தில், ஈமான் கொண்டோம் என்று சொன்ன நாட்டுப்புற அரபுகளுக்கு, ஈமான் இன்னும் உங்கள் இதயங்களில் நுழையவில்லை, பணிந்தோம் என்று சொல்லுங்கள் என்ற கருத்தில் பதில் வருகிறது. தவ்பா அத்தியாயம் இன்னும் நுட்பமானது. தாங்கள் கொடுக்கும் பொருளைத் தண்டமாகக் கருதும் கிராமத்து அரபுகளைப் பற்றி ஒரு வசனம். அதே பொருளை அல்லாஹ்விடம் நெருங்கும் வழியாகக் கருதும் கிராமத்து அரபுகளைப் பற்றி அடுத்த வசனம். "அஃராப்" எல்லாரையும் ஒரே தராசில் நிறுப்பவர்கள் இந்த இரண்டாவது வசனத்தைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

அந்த வேறுபாடு நபி (ஸல்) அவர்களின் வஃபாத்துக்குப் பின், ஹிஜ்ரி 11இல், வெடித்தது. சிலர் பொய் நபிகளைப் பின்பற்றினார்கள். வேறு சிலர் தொழுகையை மறுக்கவில்லை. ஜகாத்தை மதீனாவுக்கு அனுப்ப மாட்டோம் என்றார்கள். அவர்கள் பார்வையில், கை கொடுத்தது முஹம்மத் (ஸல்) என்ற மனிதருக்கு. அவர் போனபின் ஒப்பந்தம் முடிந்தது. புதியவருக்கு ஏன் செலுத்த வேண்டும்? பழைய கோத்திரக் கணக்கின்படி இது இயல்பான கேள்வி. உமர் (ரலி) அவர்களே ஆரம்பத்தில் தயங்கினார்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள், நபியிடம் கொடுத்துவந்த ஓர் ஒட்டகக் கயிற்றைத் தர மறுத்தாலும் போரிடுவேன் என்ற கருத்தில் உறுதியாக நின்றார்கள். தொழுகையிலிருந்து ஜகாத்தைப் பிரிக்க முடியாது, உம்மத்தின் கட்டு ஒரு தனிமனிதரின் ஆயுளோடு முடிவதில்லை என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது.

அப்படி மறுத்தவர்களின் கதை அத்தோடு முடியவில்லை. அசத் கோத்திரத்தின் துலைஹா, நபித்துவம் கோரி காலித் (ரலி) படையிடம் தோற்று சிரியாவுக்கு ஓடியவர். பின்னர் திருந்தி வந்து காதிஸிய்யாவில் முஸ்லிம்களோடு நின்று போரிட்டு, நஹாவந்த் போரில் உயிர்விட்டார். கிறிஸ்தவர்களாகவே இருந்த தஃக்லிப் கோத்திரத்தாரின் விஷயம் இன்னும் சுவையானது. ஜிஸ்யா என்ற பெயரில் கட்டுவது எங்கள் மானத்துக்கு இழுக்கு என்றார்கள். உமர் (ரலி) அவர்கள், ஸதகா என்ற பெயரிலேயே இரு மடங்காக வாங்கிக்கொள்ள ஒத்துக்கொண்டார்கள். கூடுதலாகக் கட்டினாலும் பெயர் முக்கியம் என்றது அந்தக் கோத்திரம். கப்பத்தின் அளவைவிட, யார் முன் எந்தப் பெயரில் குனிகிறோம் என்பதுதான் அவர்களை உறுத்தியது. பழவேற்காட்டுக் கதையில் வரும் "கப்பம் கட்ட மறுத்தார்கள்" என்ற வரியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

ஒரே கதை, பல துறைமுகங்கள்

உமய்யாக்கள் காலத்தில் கோத்திர அரசியல் புதிய வடிவம் எடுத்தது. கைஸ் பக்கமா, யமன் பக்கமா என்று சிரியாவிலிருந்து குராஸான்வரை படைகள் பிரிந்து நின்றன. இராக்கை 694 முதல் 714வரை ஆண்ட ஹஜ்ஜாஜ் இப்னு யூசுஃபின் கடுமை நமக்குத் தெரிந்ததுதான். எதிர்க்க முடியாதவர்களுக்கு மிஞ்சிய வழி வெளியேறுவது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர் வரலாறு எழுதிய மார்க் வில்க்ஸ், கொங்கணக் கரையின் நவாயத்களும் தென்கரையின் லெப்பைகளும் ஹஜ்ஜாஜின் கொடுமையால் கடலேறி வந்தவர்கள் என்ற மரபைப் பதிவு செய்திருக்கிறார். பழவேற்காட்டிலோ அதுவே 13ஆம் நூற்றாண்டுக்கு வருகிறது. ஆண்டு மாறுகிறது, ஆட்சியாளர் மாறுகிறார். கொடுங்கோல், மறுப்பு, மரக்கலம் என்ற சட்டகம் அப்படியே இருக்கிறது.

நம் ஊர்க் கதையை வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் ஒரு சிக்கல் உடனே தெரியும். 13ஆம் நூற்றாண்டில் கலீஃபா பக்தாதில் இருந்தார். அவருடைய அதிகாரம் ஹிஜாஸில் பெயரளவுக்கே. 1258இல் ஹுலாகு பக்தாதை அழித்துக் கலீஃபாவைக் கொன்றான். 1261இல் மம்லூக் சுல்தான் பைபர்ஸ், அப்பாஸிய வம்சத்தவர் ஒருவரைக் கெய்ரோவில் கலீஃபாவாக அமர்த்தினார். மக்காவையோ அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஷரீஃப் கதாதாவும் அவர் சந்ததியினரும் ஆண்டார்கள். அவர்களை யமனின் ரசூலி சுல்தான்களும் எகிப்தும் இருபக்கமும் இழுத்தார்கள். ஜும்ஆ குத்பாவில் யார் பெயரைச் சொல்வது என்பதே பெரும் அரசியல். அந்தக் குழப்பத்தில் எவரோ ஒரு புதிய ஆட்சியாளர் கேட்டதை எவரோ மறுத்திருக்கலாம். நினைவு நீண்ட காலம் கடக்கும்போது "ஷரீஃப்", "சுல்தான்" எல்லாம் தேய்ந்து "கலீஃபா" ஆகிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒட்டகம் மேய்க்கும் பதவீ அரபு மரக்கலத்தில் ஏறி வங்கக் கடலுக்கு வருவது அரிது. வந்தவர்கள் பெரும்பாலும் துறைமுக அரபுகளாகத்தான் இருப்பார்கள்: யமன், ஹள்ரமவ்த், உமான், பாரசீக வளைகுடா ஊர்களின் வியாபாரிகள், மாலுமிகள். ஆனால் அவர்களும் தங்களைக் கோத்திரப் பெயரால்தான் அழைத்துக்கொண்டார்கள். குறைஷிகள்கூட ஊரில் வாழ்ந்த வணிகர்கள்தானே. பாலைவனத்தின் நியாயம் அவர்களோடு கப்பலிலும் ஏறியது.

இந்தக் கரை கொடுத்த அடைக்கலம்

ஜிவார் என்ற சொல்லை நினைவில் வைக்கச் சொன்னோம். பழவேற்காட்டுக்கு வடக்கே, ஆந்திரக் கடற்கரையில் மோட்டுப்பள்ளி என்ற பழைய துறைமுகம் இருக்கிறது. அங்கே காகதீய மன்னர் கணபதி தேவர் 1244 வாக்கில் வெட்டிய கல்வெட்டு ஒன்று நிற்கிறது. அதை "அபய சாசனம்" என்கிறார்கள். புயலில் சிக்கிக் கரை ஒதுங்கும் கப்பல்களின் சரக்கை முன்பிருந்த அரசர்கள் பறித்துக்கொண்டார்கள். நாம் அப்படிச் செய்யமாட்டோம், உயிரைப் பணயம் வைத்துக் கடல் கடந்து வருபவர்களிடம் உரிய சுங்கம் மட்டுமே பெறுவோம் என்பது அதன் சாரம். நான்கு மரக்கலங்கள் வந்ததாகச் சொல்லப்படும் அதே நூற்றாண்டு, ஏறக்குறைய அதே கடல். "அபயம்" என்று கல்லில் எழுதியதையும் "ஜிவார்" என்று அரபி சொன்னதையும் ஒரு மாலுமி வேறு வேறாகப் புரிந்துகொண்டிருக்க மாட்டான்.

ஆகவே வந்தவர்கள் விசுவாசத்தைத் தொலைத்துவிட்டு வரவில்லை; புதிய ஒப்பந்தம் ஒன்றுக்குள் வந்தார்கள். சுங்கம் கட்டினார்கள், மன்னர் காவல் கொடுத்தார். அதே 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், குஜராத்திலிருந்து சோழமண்டலக் கரைவரை இருந்த காழிகளுக்கும் கதீப்களுக்கும் யமனின் ரசூலி அரசு உதவித்தொகை அனுப்பிய பட்டியல் ஒன்று கிடைத்திருக்கிறது. குத்பாவில் யமன் சுல்தானுக்காக துஆ. துறைமுகத்தில் வரி உள்ளூர் மன்னருக்கு. இரண்டும் மோதிக்கொண்டதாக அன்று யாரும் நினைக்கவில்லை. இன்று "ஒரே விசுவாசம்தான் இருக்க வேண்டும்" என்று மேடையில் முழங்குபவர்களுக்கு அந்தத் துறைமுக வாழ்க்கை புரியாது.

பழவேற்காடு வளர்ந்தது. 1516 வாக்கில் எழுதிய போர்த்துக்கீசியர் துவார்த்தே பர்போசா, விஜயநகர மன்னரின் ஆளுநர் இருந்த இந்தத் துறைமுகத்தில் முஸ்லிம், இந்து வணிகர்கள் நிறைந்திருந்ததைக் குறிப்பிடுகிறார். பர்மாவின் பெகுவிலிருந்து மாணிக்கக் கற்கள் வந்தன. இங்கிருந்து சாயத் துணிகள் போயின. மலேசியாவில் இருக்கும் நம் உறவினர்கள் கட்டும் கட்டம் போட்ட கைலிக்கு மலாய்க்காரர்கள் இன்றும் சொல்லும் பெயர் "கைன் பெலிகாட்". அந்தப் பெலிகாட் இந்தப் பழவேற்காடுதான்.

பிறகு வந்தவர்கள் வேறு மாதிரி. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். துணியோடு மனிதர்களையும் வாங்கி அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். இது நம் ஏரிக்கரையின் இருண்ட பக்கம். விஜயநகரம் தேய்ந்து 1640களில் கோல்கொண்டா வந்தது, பின்னர் முகலாயர், நவாப், 1825இல் ஆங்கிலேயர். இத்தனை கொடிகள் மாறியும் மரைக்காயர் வீடுகள் இடம் மாறவில்லை. அவர்களின் பற்று கொடியோடு அல்ல, ஏரியோடும் பள்ளிவாசலோடும் இருந்தது.

இரத்தம் பற்றி ஒரு வார்த்தை

நான்கு மரக்கலங்களில் ஆண்கள் வந்திருக்கலாம். நம் பாட்டிகளின் பாட்டிகள் பெரும்பாலும் இந்தக் கரையிலேயே பிறந்தவர்கள். நமக்குத் தாலாட்டுப் பாடிய மொழி தமிழ். அரபு எழுத்தில் எழுதியபோதுகூட நாம் எழுதியது தமிழைத்தான். அதற்கு அரபுத்தமிழ் என்று பெயர் வைத்தோம். ஏரியில் இறங்கி இறால் பிடிக்கும் ஜமீலாபாத் முஸ்லிமும், மாடி வீட்டில் வம்சாவளிப் பட்டியல் வைத்திருக்கும் குடும்பமும் ஒரே ஸஃப்பில்தான் நிற்கிறார்கள்.

அப்படியிருந்தும் சம்பந்தம் பேசும்போது "அவர்கள் அரபு வழி, இவர்கள் இடையில் வந்தவர்கள்" என்ற பேச்சு சில இடங்களில் காதில் விழத்தான் செய்கிறது. அரபிக்கு அரபி அல்லாதவரைவிடச் சிறப்பு இல்லை என்று இறுதி ஹஜ்ஜில் நபியவர்கள் அறிவித்தது அரபுகளை எதிரே வைத்துக்கொண்டு. அதைக் கேட்டவர்களின் வழித்தோன்றல் என்று சொல்லிக்கொண்டே அந்தப் பேச்சைப் பேசுவது எப்படி?

பழவேற்காட்டின் சில குடும்பங்களில் இந்த வருகையைப் பற்றி அரபியில் எழுதிய பழைய ஏடுகள் இருப்பதாக நீண்ட காலமாகச் சொல்லப்படுகிறது. உப்புக்காற்றும் கரையானும் காகிதத்தை விட்டுவைப்பதில்லை. இருப்பவர்கள் அவற்றை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். வீட்டிலேயே வைத்து, நல்ல வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, பழைய கையெழுத்து வாசிக்கத் தெரிந்த ஓர் ஆலிமிடம் காட்டலாம். அவரிடம் கேட்க வேண்டியவை மூன்றே: அதில் எந்தக் கோத்திரத்தின் பெயர் இருக்கிறது, எந்த ஹிஜ்ரி ஆண்டு இருக்கிறது, யாருக்குக் கை கொடுக்க மறுத்தார்கள் என்று எழுதியிருக்கிறது.